கிரேன் பாஸ்டர்

பதிலே சொல்லாத ஆண்டவரிடம் ஒரு மனிதன் எத்தனை நாள்தான் கேட்டுக்கொண்டே இருப்பான்? கிரேன் கேபினுக்குள் ஏறி, கதவைச் சாத்தி, ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அவர் கண்ணை மூடியிருக்கிறார். கீழே கொக்கியில் இரும்பு உத்தரம் மாட்டியாகிவிட்டது.

"பாஸ்டர் ஜெபம் முடியட்டும்டா. அதுவரைக்கும் இரும்பு எங்கயும் ஓடிடாது" என்கிறான் வெல்டர்.

பாஸ்டர் என்பது பட்டப்பெயர். சபையில் அவர் கடைசி பெஞ்சுக்காரர். நாலு பேர் முன் சாட்சி சொல்லச் சொன்னால் வியர்த்துவிடும்.

இதைப் பக்தி என்று அவசரப்பட்டுச் சொல்லிவிட வேண்டாம்; பாதி பிடிவாதம். மகளுக்கு மூக்குக்கண்ணாடி வாங்கவும் கேட்டுத்தான் கிளம்புவார். "கடைக்காரன் கதவைச் சாத்துறதுக்குள்ள உங்க ஆண்டவர் சொல்லிடுவாரா?" என்பாள் மனைவி.

இந்த முறை கேட்டது சின்ன விஷயமல்ல. உயரத்தில் இருப்பவருக்குச் சுவருக்குப் பின்னால் நடப்பது தெரியாது. கீழே நிற்கும் சிக்னல்மேனின் கைதான் அவருக்குக் கண். முன்பொருவன் தவறாகக் கை காட்டினான். உத்தரம் இறங்கி, அங்கே வேலையிலிருந்த இவருடைய தம்பியின் கால் போயிற்று. கிரேனின் லிவர் இவர் கையில்தான் இருந்தது. அதன்பின் எங்கும் வேலை கிடைக்காத அந்த ஆள் இப்போது அதே வேலை கேட்டுத் திரும்பி வந்து நிற்கிறான்.

"உங்களுக்குச் சம்மதம்னா எடுத்துக்கிறேன். திங்கட்கிழமை சொல்லுங்க" என்றுவிட்டார் பொறியாளர்.

தம்பி போனில் கத்தினான்: "அவன் உள்ள வந்தா, எனக்கு அண்ணன்னு ஒருத்தன் இல்ல."

வாக்கி டாக்கி பட்டன் சிக்கிக்கொண்ட ஒரு காலையில் அவருடைய ஜெபம் கீழே எல்லோர் காதிலும் விழுந்தது: "ஆண்டவரே, வேணாம்னா வேணாம்னு சொல்லும், கேட்டுக்கிறேன். இப்படிக் கம்முனு மட்டும் இருக்காதேயும்." யாரும் சிரிக்கவில்லை.

"எந்தப் பக்கம் மனசுக்குச் சமாதானமோ, அதுதான் பதில்" என்றார் சபைப் போதகர்.

"ரெண்டு பக்கமும் இல்லீங்களே, ஐயா."

பட்டினி கிடந்து கேட்டார். மறுபடியும் கேட்டார்.

திங்கட்கிழமை பொறியாளரிடம் போய், "வரச் சொல்லுங்க" என்றார். அவ்வளவுதான். பதில் வந்துவிட்டதா என்று வெல்டர் கேட்டான். ஏன் என்று தம்பி ஒரே ஒரு முறை கேட்டுவிட்டுப் போனை வைத்தான், பிறகு எடுக்கவேயில்லை. அவர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கேபினுக்கு ஏறினார்.

முதல் உத்தரம் மேலே ஏறி நின்றது. கீழே, திரும்பி வந்த அந்தச் சிக்னல்மேனின் கை உயர்ந்தது, நடுங்கியது. வேறு ஆளை நிறுத்தவா என்று பொறியாளர் சைகையில் கேட்டார். பாஸ்டர் தலையசைத்து மறுத்துவிட்டு, அந்தக் கை நிலைக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அது காட்டிய பக்கம் உத்தரத்தை நகர்த்தினார்.