ஈயத்தாளில் கட்டிய பாசி

அப்பா எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்ய மாட்டார். அன்றைக்கு மட்டும் செய்திருக்கலாம்.

தொண்ணூறுகளின் கடைசி, இலங்கையில் யுத்த காலம். பலாங்கொடைக்கு மேலே எங்கள் தோட்டம். அப்பாவுக்குத் தேயிலை ஃபெக்டரியில் மூட்டை கட்டும் பெக்கிங் வேலை. நான் உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் படித்துக்கொண்டிருந்தேன். கைவிட்ட மாணிக்கக் குழியில் தேங்கிய பச்சைத் தண்ணீரை ஒரு போத்தலில் எடுத்து வைத்திருந்தேன். அந்தப் பாசியைக் காற்றுப் புகாமல் அடைத்து இருட்டில் வைத்தால், உள்ளிருக்கும் ஒட்சிசனை அதுவே தீர்த்துவிடும். பிறகு வெளிச்சம் பட்டதும் கொஞ்ச நேரம் ஐதரசன் விடும். அதே வெளிச்சத்தில் ஒட்சிசனும் ஊறத் தொடங்கினால் கதை முடிந்தது. அந்தக் கொஞ்ச நேரத்தைத்தான் இரத்தினபுரிக் கண்காட்சியில் நடுவர்களுக்குக் காட்ட வேண்டும். தேறினால் கொழும்பு. எங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து அதுவரை யாரும் போனதில்லை.

"காத்தும் வெளிச்சமும் படக்கூடாதுப்பா" என்றேன். தேயிலைக்கும் அதே சட்டம்தானே. தேயிலை மூட்டைக்குள் போடும் ஈயத்தாளை அப்பா போத்தலில் நன்றாகச் சுற்றி, டேப் ஒட்டி, கம்பியால் இறுக்கிக் கட்டினார். துணைக்கும் வந்தார்.

பெல்மதுளைக்கு முன்னால் சோதனைச்சாவடி. பஸ்ஸிலிருந்து எல்லோரையும் இறக்கினார்கள். என் பையில் ஈயத்தாள் பொட்டலம், கம்பி, ஐதரசனைச் சோதிக்க ஒரு நெருப்புப்பெட்டி. அடையாள அட்டையில் தமிழ்ப்பெயர் வேறு. ஆமிக்காரனின் முகம் மாறியது. உண்மையைச் சொன்னால் எரியும் வாயு என்றல்லவா சொல்ல வேண்டும்.

"பாசி வத்துர, மஹத்தயா" என்று அப்பா முன்னால் வந்தார். வெறும் பாசித் தண்ணீர் என்று சிங்களத்தில் எவ்வளவோ சொன்னார். அவர்கள் நம்பவில்லை. என்னையும் மற்றப் பயணிகளையும் தள்ளி நிறுத்திவிட்டு, அவரைத் தெருவோரம் தனியாக நின்று பிரிக்கச் சொன்னார்கள். கம்பி லேசில் அவிழவில்லை, அவ்வளவு நன்றாகக் கட்டியிருந்தார். துவக்குகள் அவர் பக்கமே திரும்பியிருந்தன.

ஈயத்தாள் விலகியது. நல்ல வெயில். என்னுடைய அந்தக் கொஞ்ச நேரம் தெருவில் கழிந்துகொண்டிருந்தது. அப்பா துவக்கு முனையில் நிற்கும்போது அதை நினைத்தேனே என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

தக்கையைப் பிடுங்கிக் குடிக்கச் சொன்னார்கள். அப்போதெல்லாம் சந்தேகப்பட்ட தண்ணீரைக் குடித்துக் காட்டத்தான் வேண்டும். அப்பா என்னைப் பார்த்தார். ஒரு வாய் குடித்தார். பிறகுதான் போகவிட்டார்கள்.

பஸ்ஸில் உட்கார்ந்தபோது அவர் மீசையில் பச்சை ஒட்டியிருந்தது. தக்கை எங்கோ விழுந்துவிட்டது போலும், போத்தலின் வாயைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்திருந்தார்.

"குடிச்ச ஒடனே பொத்திட்டேம்மா. காத்து போயிருக்காது."

எல்லாம் முடிந்துவிட்டது என்று தெரிந்தும் தலையாட்டினேன். இரத்தினபுரி வரைக்கும் அவர் அந்த விரலை எடுக்கவில்லை.