அனீஸா வைத்த விலை

பேராவூரணி கடைத்தெருவில் அனீஸாவின் மேட்சிங் சென்டருக்கும் என் தையல் கடைக்கும் நடுவே ஒரே ஒரு சுவர். அவள் வெட்டிக் கொடுக்கும் ஜாக்கெட் துணியை நான் தைக்கிறேன். ஆகவே அவளைப் பற்றிச் சொல்ல என்னைவிடத் தகுதியான ஆள் இந்தத் தெருவில் கிடையாது. சந்தேகம் இருப்பவர்கள் வேறு கடையில் போய்த் தைத்துக்கொள்ளலாம்.

அவள் வீட்டுக்காரர் சைபுல்லா ஷார்ஜாவில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் வேலை பார்த்தார். கல்யாணம் ஆகி இருபது வருடம் ஆகப்போகிறது. சேர்ந்து இருந்தது லீவு நாட்களில் மட்டும்தான். போன வருடம் லீவுக்கு நாலைந்து மாதம் முன்னாலேயே, "இந்தத் தடவை வந்தா திரும்பிப் போக மனசில்ல" என்று போனில் சொல்லிவிட்டார். அன்று முழுக்க அவள் யாருக்கு அளந்தாலும் துணி கொஞ்சம் கூடுதலாகவே விழுந்தது.

குறுக்கே வந்தவர் சைபுல்லாவின் தங்கை வீட்டுக்காரர் ஜெகபர் அலி. மனை புரோக்கர். இருக்கிற சேமிப்பையெல்லாம் பட்டுக்கோட்டை ரோட்டில் ஒரு மனைக்குக் கொடுத்துவிட வேண்டும், பாக்கித் தவணையை இன்னும் இரண்டு வருடம் ஷார்ஜாவில் சம்பாதித்துக் கட்ட வேண்டும் என்பது அவர் யோசனை. மனை வந்தால் மனுஷன் போய்விடுவார். அனீஸாவுக்கு அது பொறுக்கவில்லை. ஆனால் வேறு வழி சொல்ல வேண்டுமே. பாங்கு டெபாசிட்டை அவள் தொடமாட்டாள், வட்டி ஹராம்.

சரக்கெடுக்க ஈரோடு போய்வரும் பஸ்ஸில் போனைக் குடைந்து குடைந்து, ஈ.டி.எஃப் என்று ஒன்றைக் கண்டுபிடித்து வந்தாள்.

"என்னடி அது, டி.வி. சேனல் மாதிரி?" என்றேன்.

"ஜாக்கெட் துணி எல்லா கலரும் சேர்த்து ஒரு கட்டா வாங்குறேன்ல கயலக்கா? ஒரு கலர் ஓடலன்னாலும் இன்னொண்ணு ஓடிடும். அது மாதிரி பல கம்பெனி ஷேர் சேர்ந்த கட்டு இது. அதுல சின்னத் துண்டா நாம வாங்கலாம். ஷேர் சந்தை நடக்குற நேரத்துல எப்ப வேணா விக்கலாம். எந்தெந்த ஷேருன்னு முன்னாடியே ஒரு பட்டியல் இருக்கு. அதப் பார்த்தே நடத்துறதால நம்மகிட்ட பிடிக்கிற செலவும் கம்மி."

சாராயக் கம்பெனி, வட்டிக் கம்பெனி சேராத கட்டும் இருக்கிறதாம். பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கொண்டுபோய்க் காட்டினாள். அவர் விவரமாகக் கேட்டுவிட்டு, இது கூடும், மார்க்கத்தில் தடை இல்லை, லாப நட்டத்தை நீதான் யோசித்துக்கொள்ள வேண்டும் என்றாராம்.

முதலில் கடை லாபத்திலிருந்து கொஞ்சம் போட்டுப் பார்த்தாள். அங்கேதான் கோட்டை விட்டாள். எங்கள் தெருவில் முதல் போணிக்குத் தனி மரியாதை. கடை திறந்ததும் வருகிறவரிடம் பேரத்தை முறிக்காமல், ஐந்து பத்து குறைத்தாவது கொடுத்து அனுப்புவோம். அந்த நினைப்பில், காலையில் சந்தை திறந்த கையோடு, கிடைக்கிற விலைக்கு வாங்கு என்று போனில் அமுக்கிவிட்டாள். அந்த நேரத்தில் அந்தக் கட்டை விற்க வந்திருந்தவர்களே நாலைந்து பேர்தான். அவர்கள் கேட்டதுதான் விலை. உள்ளே இருக்கும் ஷேர்களின் மதிப்பைவிட நன்றாகக் கூட வைத்து அவள் தலையில் கட்டிவிட்டார்கள்.

சாயங்காலம் அவள் என் கடையில் உட்கார்ந்திருந்தபோது ஜெகபர் அலி விஷயம் தெரிந்து அங்கேயே வந்தார். "போட்ட அன்னிக்கே நட்டமாம்மா? உன் யாவாரம் ஜாக்கெட் துணியோட நிக்கட்டும்."

எனக்கு வந்த கோபத்தில் கத்தரிக்கோலை மேஜையில் ஓங்கி வைத்தேன். அனீஸா போனைத்தான் நோண்டிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் தெளிவாக வந்தாள். "கட்டு மேல தப்பில்லக்கா, நான் வாங்கின விதம் தப்பு. இங்க மொத போணிக்குக் குறைச்சுக் கொடுப்போம். அங்க மொத போணியத்தான் உரிப்பானுங்க."

ஒரு யூனிட்டின், அதாவது அந்தச் சின்னத் துண்டின், உள்மதிப்பு அந்தந்த நேரத்தில் எவ்வளவு என்று, அதை நடத்தும் கம்பெனியே போட்டுக் காட்டுகிறது. அடுத்த முறை முற்பகல் வரை பொறுத்திருந்து அதைப் பார்த்தாள். அதை ஒட்டி ஒரு விலையைத் தானே வைத்தாள். மதியம் சாப்பிட உட்கார்ந்தபோதுதான் அந்த விலைக்கு விற்க ஒருவன் இறங்கி வந்தான். பொரித்த மீனை அப்படியே போட்டுவிட்டு எனக்குக் காட்ட ஓடி வந்தாள். அதற்குப் பிறகு மாதாமாதம் அப்படித்தான் வாங்கினாள்.

சைபுல்லாவும் லீவில் வந்தார். லீவு முடிகிற வாரம் ஜெகபர் அலி மனை அக்ரிமென்டோடு அவர்கள் வீட்டுக்குப் போனார். தைத்த ஜாக்கெட்டைக் கொடுக்கிற சாக்கில் நானும் போய் நின்றுகொண்டேன். அந்த வாரம் பார்த்துச் சந்தையும் இறங்கியிருந்தது.

"மண்ணு எங்கயும் ஓடாது மச்சான்" என்றார் ஜெகபர் அலி. "இவங்க வாங்கினதப் பாருங்க, இறங்கிக் கிடக்கு."

"இறங்கத்தாண்ணே செய்யும்" என்றாள் அனீஸா. "ஏறும், இறங்கும். அதனாலதான் சேமிப்புல பாதியக் கடையப் பெருசாக்கப் போடுறோம். மீதியத்தான் இதுல, அதுவும் கொஞ்சம் கொஞ்சமா. பத்து வருஷத்துக்கு அதுல கை வைக்கிற எண்ணமில்ல. அப்படியே ஒரு அவசரம்னா நாலு யூனிட்ட மட்டும் வித்துக்கலாம். உங்க மனையில ஒரு மூலைய மட்டும் விக்க முடியுமா?"

ஜெகபர் அலி பேனாவை சைபுல்லா பக்கம் நகர்த்தினார். சைபுல்லா அதை எடுக்கவில்லை. மனைவியைப் பார்த்தார். அவர் பயந்துபோயிருந்தார். இத்தனை வருட உழைப்பாயிற்றே.

"நட்டம் வந்தா, அனீஸா?"

"வந்தா ரெண்டு பேரும் பக்கத்துல உக்காந்து பாப்போங்க. இத்தன வருஷமா லாபத்தத் தனியாத்தானே பார்த்தேன்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைப்பானேன். சைபுல்லா போனை எடுத்து, திரும்பிப் போகும் டிக்கெட்டை ரத்து செய்துவிடும்படி டிராவல்ஸ்காரரிடம் சொன்னார்.