கேட்பதற்கு முன்பே எழுதிய பதில்

நான் பொய் எழுதினேன். ஒரு மனிதரின் மனவேதனைக்கு நேராக, அவரைக் கேட்பதற்கு முன்பே, 'இல்லை' என்று டிக் அடித்தேன்! உங்களிடம்தான் சொல்கிறேன். சொல்ல வேண்டியவளிடம் சொல்லத் துணிவில்லை.

முதல் ஊரடங்கின்போது, கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையை ஒட்டிய தெருக்களில் வீடு வீடாகப் போய்க் காய்ச்சல் கணக்கெடுப்பது என் வேலை. படிவத்தின் கடைசிக் கேள்வி, 'மன உளைச்சல் உண்டா?' உண்டு என்று எழுதினால் மனநல ஆலோசகர் போனில் அழைப்பார்.

அந்த வெயிலில் யார் அதையெல்லாம் கேட்டுக்கொண்டு நிற்பது? தெருமுனை நிழலில் உட்கார்ந்து, தெரு முழுமைக்கும் 'இல்லை' போட்டுவிட்டுத்தான் முதல் கதவையே தட்டுவேன். அதைச் சாமர்த்தியம் என்று வேறு நினைத்திருந்தேன்!

இரும்பு ஆலைத் தொழிலாளி ஏழுமலை மட்டும் நான் கேட்காமலே சொன்னார்.

"தூக்கமே வர்ல மேடம். கம்பெனி மூடுனதுலேர்ந்து ஊட்டுக்குள்ளயே சுத்திக்கினு கீறேன். வேணாத நெனப்பெல்லாம் வருது. கவர்மெண்டுல யார்னா பேசுவாங்களா?"

"பேசுவாங்கண்ணா. எழுதிக்கினேன்."

எழுதவில்லை... அடித்துத் திருத்தினால் மேற்பார்வையாளர் காரணம் கேட்பார். மொத்தக் குட்டும் உடைந்துவிடும். பேனாவை மூடிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனேன்.

அந்த அழைப்புக்காக ஏழுமலை குளிக்கப் போனாலும் போனை எடுத்துக்கொண்டு போவாராம். அழைப்பு வரவில்லை. எப்படி வரும்?

இரண்டாம் அலையில் மறுபடியும் அதே கதவைத் தட்டினேன். திறக்கவில்லை. உள்ளே இருமல்.

"காய்ச்சல் இருக்காண்ணா?"

"இல்ல, போங்க! உங்க கவர்மெண்டு லட்சணம் தெரிஞ்சிபோச்சி."

இருமல் என் காதில் விழுந்தது. ஆனாலும் 'இல்லை' என்றே எழுதினேன். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று மனைவி செல்வி காலைப் பிடித்துக் கெஞ்சியும் அவர் அசையவில்லையாம். ஐந்தாம் நாள் மூச்சுத் திணறி இறந்தார்.

அவருடைய நம்பிக்கையைக் கொன்றது அரசா, நானா? கேட்டுக்கொள்கிறேன்... பதில் எனக்குத் தெரியும்!

இன்றும் என்னைக் கண்டால் செல்வி உட்காரவைத்து டீ போட்டுத் தருகிறாள். பக்கத்து வீட்டாரிடம் என்னைக் காட்டிச் சொல்கிறாள்: "இந்தக்கா அன்னிக்கே எழுதிக்கினு போச்சு. கவர்மெண்டுதான் கூப்டல."

நான் மறுத்ததில்லை. போன வாரமும் அந்த டீயைக் குடித்துவிட்டுத்தான் வந்தேன்.