அழுகைக்காரியின் அறை

டப்பிங் வட்டாரத்தில் அவளுக்கு அழுகைக்காரி என்று பெயர். தொடர்களில் எந்த நடிகை அழுதாலும் குரல் அநேகமாக அவளுடையதுதான். மாதச் சம்பளம் கிடையாது. வந்த வேலைக்கு வந்த கூலி. வீட்டில் ஓர் அறையின் சுவரெல்லாம் பஞ்சு ஒட்டி ஒலிப்பதிவுக்கென்றே ஒதுக்கியிருந்தாள். அந்த அறைக்கான வாடகைப் பங்கையும் மின்கட்டணத்தையும் தொழில் செலவாகக் காட்டி வரியில் கழித்துவந்தாள். அதில் பொய் இல்லை, அண்ணன் வந்து சேரும்வரை.

அண்ணனின் பேக்கரி கடனில் மூழ்கியது. கடையோடு குடியிருந்த வீடும் போனது. ஒரே ஒரு பையோடு வந்து நின்றவருக்கு அந்த அறையை விட்டால் வேறு இடமில்லை. அவள் மைக்கைத் துணி அலமாரிக்கு மாற்றினாள். தொங்கும் துணிகளுக்கு நடுவே தலையை நுழைத்துக்கொண்டு அழுதாள். வேலை நின்றுபோகவில்லை. ஆனால் வரிக் கணக்கில் அறை பழையபடியே இருந்தது. அடுத்த மாதம் அண்ணனுக்கு ஒரு வழி பிறந்துவிடும் என்று நினைத்து நினைத்தே ஒரு வருடம் ஓடிவிட்டது.

அப்போதுதான் வரி அலுவலகத்திலிருந்து சொல்லி அனுப்பினார்கள், அறையை நேரில் பார்க்க வருகிறோம் என்று.

அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அவர்கள் வருவதாகச் சொன்ன நாளுக்கு முந்தின மாலை கணவன் சமையலறையில் வந்து நின்றான்.

"ஒரு காலைப்பொழுதுதானே. மச்சானை எங்கயாவது போய்ட்டு வரச் சொல்லு. படுக்கையைச் சுருட்டி வெச்சுட்டா முடிஞ்சுது."

"நீங்களே சொல்லுங்களேன்."

"நான் சொன்னா விரட்டுற மாதிரி ஆயிடும். உன் அண்ணன், நீ சொல்லு."

"அப்ப நான் சொன்னா மட்டும்?"

அறைக்கதவு சாத்தியிருக்கிறது என்றே இருவரும் நினைத்தார்கள்.

விடிந்தபோது அறை துடைத்துவிட்டதுபோல் இருந்தது. படுக்கை இல்லை, பை இல்லை, கொடியில் கிடந்த சட்டைகூட இல்லை. அண்ணனின் போன் அணைந்திருந்தது. கொஞ்ச நாளாகவே அவர் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிக்கொண்டிருந்தது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"போய்த் தேடலாங்க."

"அதிகாரி வர்ற நேரம். நாம இல்லாமப் போனா சந்தேகம் இன்னும் கூடும். இரு."

கணவன் மைக்கை எடுத்துவந்து அறையில் நிறுத்தினான். வாசலில் மணி அடித்தது.

வந்த பெண்மணி அதட்டவில்லை. கொடுத்த தண்ணீரைக் குடித்தார். பஞ்சைத் தொட்டுப் பார்த்தார். அறையை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார்.

"இது முழுக்க வேலைக்கு மட்டும்தானா? வேற யாரும் தங்கறதில்லையே?"

அவர் முதுகுக்குப் பின்னால் நின்ற கணவன் கண்ணாலேயே ஆமாம் என்றான். அவளும் அந்த ஒரு வரியைத்தான் காலையிலிருந்து சொல்லிப் பழகியிருந்தாள். ஆனால் அண்ணன் எங்கே, எப்படி இருக்கிறாரோ என்று தெரியாத வேளையில், இங்கே யாரும் இருந்ததில்லை என்று சொல்ல நாக்கு புரளவில்லை.

"என் அண்ணன் ஒரு வருஷமா இங்கதான் இருந்தார் மேடம். காலைலேர்ந்து அவரைக் காணோம்."

அழுகை வந்தது. தொழிலில் வருவதுபோல் இல்லை. மூக்கை அடைத்துக்கொண்டு கொச்சையாக வந்தது. கணவன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அதிகாரி கேட்டார். "அவர் வாடகை ஏதாவது குடுத்தாரா?"

"கூடப் பிறந்தவன்கிட்ட யாராவது வாடகை வாங்குவாங்களா?"

"வாங்கியிருந்தா அதையும் வருமானத்துல காட்டியிருக்கணும். அதுக்காகக் கேட்டேன். அப்ப வேலையை எங்க செஞ்சீங்க?"

அலமாரியைத் திறந்து காட்டினாள். "துணி இருந்தா எதிரொலி வராது."

"துணி இருந்தா அது பீரோதாம்மா. செலவுல சேராது." அவர் முகத்தில் சிரிப்பு எட்டிப் பார்த்து மறைந்தது. "மைக், கம்ப்யூட்டர், பஞ்சு எல்லாம் ஒத்துக்கலாம். அண்ணன் வர்றதுக்கு முந்தின மாசங்களுக்கு அறையும் சரி. அவர் வந்தப்புறம் கழிச்சதுக்கு வரியும் அபராதமும் கட்டணும். நீங்களா சொன்னதையும் எழுதறேன். முதல்ல அவரைத் தேடுங்க."

தேடினார்கள். பேருந்து நிலையம், பூட்டிக் கிடந்த பழைய கடை, கணவன் வேலை பார்க்கும் மருத்துவமனையின் அவசரப் பிரிவுகூட. அங்கே இல்லை என்றதும் அவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அண்ணனுக்கு ரொட்டியைத் தவிர வேறு என்ன தெரியும் என்று கணவன்தான் யோசித்தான். அதன்பின் ஊரில் இருந்த பேக்கரிகளை ஒவ்வொன்றாக ஏறி இறங்கினார்கள்.

சந்தைக்குப் பின்னால் ஒரு பேக்கரியின் உள்கட்டில், யாருடைய ஏப்ரனையோ கட்டிக்கொண்டு அண்ணன் மாவு பிசைந்துகொண்டிருந்தார்.

"போனை எடுக்க என்ன கேடு உனக்கு?" அவள் கேட்டாள்.

"சார்ஜ் இல்ல. வேலை கேட்டேன், இன்னைக்கே நில்லுன்னாங்க. மாடில படுத்துக்கலாமாம்." கணவனைப் பார்த்தார். "நேத்து பேசினது காதுல விழுந்துச்சு மாப்ள. தப்பா எடுத்துக்கல."

"வீட்டுக்கு வாங்க மச்சான்."

"வர்றேன். லீவு நாள்ல வர்றேன்."

சொன்னபடி வந்தார். சாப்பிட்டுவிட்டுக் கூடத்தில் வெறுந்தரையில் படுத்துக்கொள்வார். எவ்வளவு சொன்னாலும் அறைக்குள் கால் வைக்கமாட்டார். வரியையும் அபராதத்தையும் அவள் இரண்டு தவணையாகக் கட்டித் தீர்த்தாள். தன் பேச்சு காதில் விழுந்துதான் அவர் வீட்டைவிட்டுப் போனார் என்ற உறுத்தல் கணவனுக்கு இருந்தது. மச்சான் வந்துவிட்டுப் போகும் நாளெல்லாம் தெருமுனைவரை கூடவே நடந்துபோவான்.