வாய்க்காலில் கட்டிய வலை

மலேசியாவில் பத்து காஜா ஊர்ப் பக்கம், எங்கள் பழைய ரப்பர்த் தோட்டத்தில் ஒரு சின்ன ஏரி. அதன் மண்கரைக்கு நேர் கீழே எங்கள் வீடுகள். ஏரியைக் குத்தகைக்கு எடுத்துத் தூண்டில் போட்டி நடத்தியவர்தான் கரைக்கும் பொறுப்பு. பளபளக்கும் சப்பாத்து, தலையில் ஏற்றிவிட்ட கறுப்புக் கண்ணாடி, ஆளுக்கு முன்னால் நடக்கும் தொப்பை. கரையைப் பற்றி யார் கேட்டாலும் குதிகாலால் அதை இரண்டு மிதி மிதிப்பார். "கல்லு மாதிரி இருக்குலா" என்பார். அவருடைய பரிசோதனை அவ்வளவுதான்.

போட்டி மீன்கள் தப்பிவிடக் கூடாதென்று, ஏரி நிரம்பினால் நீர் வெளியேறும் வாய்க்காலின் வாயில் வலை கட்டியிருந்தார் அந்த மேதை. ஒரு மழை நாளில் இலையும் குப்பையும் வலையை அடைத்துக்கொள்ள, நீர் கரையின் விளிம்புவரை ஏறிவிட்டது. ஓடிப்போய்ச் சொன்னேன்.

"அண்ணே, வலைய எடுங்கண்ணே. கரை ஒடஞ்சா எங்க வீடெல்லாம் போயிரும்."

"எடுத்தா மீனெல்லாம் போயிரும்லா. வெள்ளைக்காரன் கட்டுன கரை, ஒண்ணும் ஆவாது."

மறுபடியும் இரண்டு மிதி. சப்பாத்து சேற்றில் புதைந்தது.

வழக்கமாகக் கரையடியில் நிற்கும் அவர் கார் அன்று கோயில் மேட்டில் நின்றது.

"அப்ப காரை ஏன் மேட்டுல ஏத்தி வச்சிருக்கீங்க?"

"அது புதுக் காரு, தம்பி."

பக்கத்து வீட்டுக்காரரும் நானும் பாராங் கத்தியால் வலையை அறுத்தோம். நீர் இறங்கியது, மீன்களும் போயின. அவர் அழுதார். நடிப்பில்லை, நிஜக் கண்ணீர். எங்கள் கூரைகளைப் பார்த்துக் கலங்காத அந்தக் கண்களில் அவ்வளவு நீர் எங்கே இருந்தது என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.