சாம்பியன் ரீப்ஸின் ஒற்றை வயர்

கறுப்புத் தொலைபேசி. எண்களைச் சுழற்றும் வட்டில் ஒரு சின்னப் பித்தளைப் பூட்டு. மேலே ஊசி நூலால் பின்னிய வெள்ளைத் துணி, சாமி படத்துக்குப் போடுவதுபோல. தங்கச் சுரங்கத்துச் சாம்பியன் ரீப்ஸில், கம்பெனி கட்டிக்கொடுத்த எங்கள் லைன் வீடுகள் அத்தனைக்கும் அது ஒன்றுதான். கம்பவுண்டர் வீட்டில் இருந்தது. வேலைக்கு விண்ணப்பம் போடுகிற எல்லோரும் அந்த எண்ணை எழுதிப் பக்கத்தில் 'பி.பி.' என்று போடுவோம். பக்கத்து வீட்டுப் போன் என்று அர்த்தம். அழைப்பு வந்தால் கம்பவுண்டர் மனைவி வாசலுக்கு வந்து பெயர் சொல்லிக் கூப்பிடுவார். மனசு நன்றாக இருந்தால்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நாள் பெங்களூர்ச் சட்டக் கல்லூரி ஒன்றிலிருந்து அக்காவை விரிவுரையாளர் வேலைக்கான நேர்முகத் தேர்வுக்கு அழைத்திருக்கிறார்கள். அந்த வாரம் தண்ணீர்க் குழாயில் என் அம்மாவுக்கும் கம்பவுண்டர் மனைவிக்கும் பெரிய சண்டை. "அவங்க ஊர்ல இல்லீங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். இடம் வேறொருவருக்குப் போன பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பிவிட்டாள். அக்கா குறுக்கே நின்றாள்.

"அவங்க மேல கோவப்பட்டு இன்னா ஆவப் போவுதும்மா? அந்த எடத்துல நீ இருந்தாலும் அதான் பண்ணியிருப்ப. லைனுக்கே ஒரே போனுன்னா அப்டித்தான்."

பிற்காலத்தில் கருத்தரங்குகளில் அக்காவை எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள், இந்தத் துறைக்கு ஏன் வந்தீர்கள் என்று. சந்தை ஒரே கையில் சிக்கிக்கொண்டால் சட்டம் என்ன செய்ய வேண்டும், கம்பியையும் கம்பத்தையும் அலைவரிசையையும் பிடித்து வைத்திருப்பவர் அடுத்தவருக்கு வழி விட்டாக வேண்டுமா, இவைதான் அவளுடைய துறை. அவள் தீர்ப்புகளின் பெயர்களைச் சொல்வாள். நான் பின் வரிசையில் உட்கார்ந்து பித்தளைப் பூட்டை நினைத்துக்கொள்வேன்.

அந்தப் போன் சண்டைக்கு அடுத்த வருடம் அக்காவுக்கு வேறொரு கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளர் வேலை கிடைத்தது. விடியற்கால ரயில், ராத்திரி ரயில், நடுவில் முனைவர் பட்டத்துக்கான ஆராய்ச்சி. நாட்டில் போட்டிச் சட்டம் அப்போது பிறந்திருக்கவில்லை. ஏகபோகத்தைத் தடுக்கும் பழைய சட்டம் ஒன்று இருந்தது, தொலைத்தொடர்புக்கு டெல்லியில் புதிதாக ஓர் ஆணையம் வந்திருந்தது. "வக்கீலுக்குப் படிச்சிட்டு கோர்ட்டுக்குப் போவாத பொண்ண இப்பதான் பாக்கறேன்" என்று எதிர்வீட்டு மாமா கிண்டல் செய்வார். "கோர்ட்டுக்குப் போனா ஒரு கேசு மாமா. இதுல எல்லா கேசும் என்துதான்" என்பாள் அக்கா, செருப்பை மாட்டிக்கொண்டே.

எங்கள் வீட்டில் இன்னொரு ஏகபோகம் இருந்தது, நாங்கள் நைனா என்று கூப்பிடும் அப்பாவின் சொல். நைனா சுரங்கத்தில் டிம்பர்மேன். பூமிக்கடியில் மரம் நட்டுப் பாறையைத் தாங்குகிற வேலை. தொழிற்சங்கத்திலும் முக்கியமானவர். கேபிள் டிவி எங்கள் பக்கம் வந்தபோது இணைப்புக் கொடுக்க இரண்டு பேர் கேட்டு வந்தார்கள். ஒருவர் எங்கள் லைன் பையன்தான், சுரங்கக் கம்பெனியின் மின்கம்பங்களில் வயர் கட்ட அனுமதி வாங்கியிருந்தார். இன்னொருவர் பக்கத்துச் சுரங்கப் பகுதியான பாலகாட்டைச் சேர்ந்தவர். லைன் கூடிப் பேசியது. நைனா எழுந்து நின்றார். "ரெண்டு சங்கமா ஒடைஞ்சப்போ ஸ்ட்ரைக்குல தோத்தோம், நெனப்பிருக்கா? வூட்டுக்கு ஒரு வயருன்னு பிரிஞ்சா ஒவ்வொருத்தனையும் தனித்தனியா அமுக்குவான். எல்லா வூடும் ஒரே ஆளுகிட்ட எடுப்போம். ஒத்துமையா கேட்டா வெலையும் கொறைப்பான்." கை தட்டினார்கள். விலையும் குறைந்தது. பாலகாட்காரரைத் திருப்பி அனுப்பினார்கள். சுரங்கத்துக்குள் ஒரே கேஜில், அந்த இரும்புக் கூண்டில், இறங்கி ஒரே கேஜில் ஏறிய மனிதர்களுக்கு அதுதான் நியாயமாகப் பட்டது, எனக்கும்தான். அக்கா மட்டும் வீட்டுக்கு வந்து சொன்னாள்:

"நீங்க ஒண்ணா சேர்ந்தது சரி நைனா. சேர்ந்து ஒருத்தன் கையில சாவியக் குடுத்துட்டு வந்துட்டீங்களே."

"சோத்தப் போடுடி" என்றார் நைனா, அம்மாவைப் பார்த்து.

சுரங்கத்தை மூடப் போகிறார்கள் என்ற பேச்சு உறுதியான வருடம். மூடக் கூடாதென்று ஊரிகம் மைதானத்தில் பெண்கள் தர்ணா உட்கார்ந்தார்கள். அம்மா அதுவரை ரேஷன் கடைக்காரரைத் தவிர யாரோடும் குரல் உயர்த்திப் பேசியதில்லை. (கம்பவுண்டர் மனைவியை விட்டுவிடுவோம்.) அன்று மைக்கைப் பிடித்தாள். கல்யாண வீடியோ எடுக்கிற ஒருவர் அதை முழுவதும் எடுத்து, கேசட்டைப் பிரதி போட்டுக் கேபிள்காரர்களுக்குக் கொடுத்தார். சாயங்காலம் எங்கள் வீட்டு டிவி முன்னால் அக்கம்பக்கம் முழுக்க உட்கார்ந்திருந்தது. பக்திப் படம் ஓடியது. அம்மன் சூலத்தோடு வந்தாள். என் அம்மா வரவில்லை.

அக்கா கேபிள்காரர் அறைக்கு நடந்தாள். நானும் போனேன். கேசட் மேஜை மேலேயே கிடந்தது.

"போடக் கூடாதுன்னு யாருண்ணா சொன்னாங்க?"

"யாரும் சொல்லலம்மா."

"அப்புறம்?"

"வயரு ஓடுறது கம்பெனி கம்பத்து மேல. சொல்ற வரைக்கும் ஒக்காந்துனு இருக்க முடியுமா? நானும் புள்ளகுட்டிக்காரன்."

அவர் பொய் சொல்லவில்லை. யாரும் அவரை மிரட்டியிருக்கவில்லை. பயம் தானாகவே வந்து, தானாகவே வேலை செய்துகொண்டிருந்தது.

மறுநாள் பாலகாட்டிலிருந்து வந்த அத்தை வாசலிலேயே அம்மாவைக் கட்டிக்கொண்டாள். "இன்னாமா பேசிட்ட நீ. எங்க தெருவே அழுதுது." பாலகாட்டில், எங்கள் லைன் திருப்பி அனுப்பியவரின் வயரில், முழுவதும் ஓடியிருக்கிறது. அம்மா முகம் கழுவப் போனவள் அப்படியே திரும்பினாள். "ஊரெல்லாம் பாத்துச்சு. நான் பேசுனத நான் பாக்கல" என்றாள். நைனா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

அக்கா அதை ஆராய்ச்சியில் ஓர் அத்தியாயமாக எழுதினாள். கம்பம், வயர், பக்திப் படம், ஒற்றுமையின் பேரால் ஒரே ஆளிடம் போன லைன், எல்லாம். அவளுடைய நெறியாளர் பெரிய பேராசிரியர், கெட்டவர் அல்ல. அந்த அத்தியாயத்தை எடுத்துவிடச் சொன்னார். இது தெருச் சண்டை, ஆராய்ச்சி இல்லை. நாலு தெருவைச் சந்தை என்று யார் ஒப்புக்கொள்வார்கள்? எடுத்தால் கையெழுத்து, கையெழுத்து விழுந்தால் நிரந்தர வேலை. "சந்தை சின்னதா இருந்தா அடைச்ச கதவு தெறந்துடுமா சார்?" என்று அக்கா கேட்டிருக்கிறாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, யோசித்துச் சொல் என்றார்.

அன்று இரவு உணவின்போது அக்கா விஷயத்தைச் சொன்னாள். சுரங்கம் மூடி வீட்டில் சம்பளம் நின்றுபோயிருந்த மாதங்கள். அவள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பார்த்து அவள் தயங்கியது அந்த ஒரு முறைதான்.

"நான் மீட்டிங்ல பேசனது கூட அதுல கீதா?" என்று கேட்டார் நைனா.

"கீது நைனா. பேரு போடல. சங்கத்துக்காரர் ஒருத்தர்னு போட்டிருக்கேன்."

"பேரு போடலன்னா மட்டும் எவனுக்குத் தெரியாது?" என்றார். ரசத்தை ஊற்றிப் பிசைந்தார். ஒரு வாய் சாப்பிட்டார். "எடுக்காத."

"வேலை போயிடும் நைனா."

"என் வேலையும்தான் போச்சு. எடுத்துட்டுத் தர வேலை எத்தினி நாளைக்கு நிக்கும்? எடுக்காத."

அவள் எடுக்கவில்லை. நிரந்தர வேலை இன்னொருவருக்குப் போனது. நெறியாளர் மாறினார், பல்கலைக்கழகம் மாறியது, பட்டம் வருடங்கள் தள்ளி வந்தது. அதை நான் தோல்வி என்று எங்கும் எழுதியதில்லை, இங்கும் எழுத மாட்டேன். முன்தலை நரைத்த பிறகு பேராசிரியர் ஆனாள். அந்த நரையை வகுப்பில் கொடிபோல உயர்த்திக்கொண்டுதான் நடப்பாள்.

இன்று எங்கள் லைனில் தண்ணீர் வராத வீடு இருக்கிறது, போன் இல்லாத வீடு இல்லை. அத்தனை போனுக்குள்ளும் ஆப் விற்பது ஒன்றிரண்டு பேருடைய கடைகள்தான். சென்ற வருடம் அக்காவின் புத்தகத்தைப் பதிப்பிக்க வந்தவர்கள் நயமாகக் கேட்டார்கள்: கேபிள் காலத்து அத்தியாயம் பழசாகிவிட்டதே மேடம், கடைசியில் இருக்கிறதுதானே, விட்டுவிடலாமா? அக்கா என்னைக் கூப்பிட்டுச் சொன்னாள். எனக்கு ஆத்திரம் வந்தது. அவள் சிரித்தாள்.

"அதையும் எடுத்துட்டா நான் எங்கடா நின்னு பேசறது?"

புத்தகம் வந்துவிட்டது. கடைசியில் இருந்த அத்தியாயத்தை அவள் முதலில் வைத்திருக்கிறாள். அதன் முதல் வாக்கியம், அவளுடைய கறாரான ஆங்கிலத்தில், ஒரு பெண் மைக்கைப் பிடித்தாள் என்று தொடங்குகிறது.