கோட்டைச் சுரங்கம் பற்றி நான் சொன்னது

இன்று காலை ஏற்காட்டிலிருந்து ஏழு பேரை வேனில் சங்ககிரிக் கோட்டைக்கு அழைத்துப் போனேன். அரை நாள் சுற்றுலா. வழிகாட்டி நான்தான்.

மலைமேல் ஒரு பாறை இடுக்கைக் காட்டி, "இந்தச் சுரங்கம் ஏற்காடு வரைக்கும் போகுதுங்க" என்றேன். எல்லோரிடமும் சொல்லும் பொய்தான்.

இறங்கும்போது ஓர் அம்மா, "ஏனுங்க, எங்க ஊட்டுக்காரரைக் காணோமுங்க!" என்று அலறினார்.

நேராக அந்த இடுக்குக்கே ஓடினேன். உள்ளே முனகல் கேட்டது. அவர் காலைப் பிடித்து வெளியே இழுத்தேன். நெற்றியெல்லாம் ரத்தம்.

"இன்னும் நொம்ப தூரமுங்களா?" என்றார்.

ஆஸ்பத்திரியில் தையல் போட்டபோது என்னால் மறைக்க முடியவில்லை. "அது பொய்யுங்க, மன்னிச்சிருங்க" என்றேன்.

அவர் மனைவி கேட்டார்: "அப்ப நீங்க சொன்ன மத்த கதையெல்லாம் நெசந்தானுங்களா?"

எனக்கே தெரியவில்லை. கோட்டையின் உண்மையான கதை தெரிந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள். நாளைக்கும் ஆள் வருகிறது.